இருபத்து மூன்று மஞ்சள் லேபிள்கள்

தாணேயிலிருந்து ஒருவர் காலையில் தொடங்கி மூன்று முறை எழுதிவிட்டார், லேபிளின் மஞ்சள் சரியில்லை என்று. முதலில் வெளிறியிருக்கிறது என்றார். பிறகு அடர்த்தி அதிகம் என்றார். மூன்றாவது முறை, சிறுவயதில் தன் கையிலிருந்த மஞ்சள் இது இல்லை என்றார். இதற்கு நான் என்ன பதில் எழுதுவது? எழுந்தேன், ஜன்னல்வரை போனேன், திரும்பினேன். செம்பூரில் நான் வேலை செய்கிற இந்த அறையில் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே ஆறு எட்டுத் தூரம். இன்று காலையில் மட்டும் தாணேயையும் தாண்டிக் கல்யாண்வரை நடந்திருப்பேன்.

வேலை இதுதான். பழைய வீடியோ கேம் கேசட்டுகளை, நாற்பதைத் தாண்டியவர்கள் இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு விளையாட்டு, முகப்பில் அதன் படம் போட்ட லேபிள். டப்பா சாகாது. லேபிள்தான் முதலில் போகும். வியர்வையில் போகும், மழைக்காலத்து ஈரத்தில் போகும், சும்மா இருக்கமுடியாத நகங்களில் போகும். உரிந்தது போக இருக்கிற மிச்சத்தை வைத்து முழுசையும் திரும்ப வரைந்து, அச்சடித்து, மூலைகளை வளைத்து வெட்டி, காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டிக் கொடுப்பேன். அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கிறது என்பார்கள். அது பாராட்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் என் கால்கள் ஓரிடத்தில் நிற்க மறுக்கின்றன. நான் முதன்முதலில் செய்த லேபிள்களில் ஒன்றுகூட எதைப் போலவும் இருக்கவில்லை. அவற்றில் முக்கால்வாசி தப்பும்கூட.

தாராவியில் எங்கள் கோலி, அதாவது வீடு, ஒரே அறை. அதை நடுவே பிளைவுட் பலகையால் தடுத்து, சந்துப் பக்கம் பார்த்த பாதியில் சித்தப்பா வீடியோ கேம் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு டிவி, ஒரு மிஷின், இரண்டு ரிமோட், உட்கார ஒரு தார்ப்பாய், இருபத்து மூன்று கேசட். மணிக்கணக்கில் வாடகை. மறுபாதியில் அப்பா, அம்மா, நான். எனக்குப் பதினொரு வயது. பலகைக்கு இந்தப் பக்கம் நான் வாய்ப்பாடு எழுதினேன், அம்மா மீன் கழுவினாள். அந்தப் பக்கம் கார்கள் மோதின, பேய்கள் செத்தன, நண்டுகள் டிக்டிக்கென்று பக்கவாட்டில் ஓடின. பலகை வழியாக வருகிற சத்தத்தை வைத்தே எந்த விளையாட்டு ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். பார்த்தது குறைவு. பையன்கள் இருக்கும்போது அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். பையன்கள் எப்போதும் இருந்தார்கள்.

அப்பாவுக்கு எதிர்ச் சந்தில் தோல் பட்டறை. பர்ஸும் பெல்ட்டும் கைப்பையும் செய்கிற இடம். நாலைந்து ஆட்கள். வெட்டுவது மட்டும் அப்பா. அந்தக் கத்தியை வேறொருவர் தொட்டு நான் பார்த்ததில்லை. பர்ஸின் மூலையை வளைக்க ஒரு ரூபாய் நாணயத்தைத் தோலின்மேல் வைத்து, அதன் ஓரமாகக் கத்தியை ஒரே இழுப்பில் திருப்புவார். மூலை விழும். நாணயத்தில் கீறல் இருக்காது.

தன் தம்பியின் கடையைப் பற்றி அப்பா தம்பியிடம் பேசியதே கிடையாது. அம்மாவிடம்தான் பேசுவார், தம்பிக்குக் கேட்கிற மாதிரி. சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒன் கொழுந்தன் இன்னைக்கு எத்தன பேய வாடகைக்கு விட்டான்னு கேளு" என்பார். அம்மா கேட்கமாட்டாள். பலகைக்கு அந்தப் பக்கம் டிவியின் சத்தம் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான் அவர்கள் சண்டை. அதைவிடப் பெரிதாக ஒன்று வரப்போகிறது என்று எனக்கு எப்போதும் ஒரு பதைப்பு இருந்தது.

அது ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால் வந்தது. அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் பெரியப்பா ஒருவர் வேலையில் இருந்தார். அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஆளை அனுப்பு, தங்க இடமும் உண்டு என்று சொல்லிவிட்டிருந்தார். அன்றுதான் அப்பா முதன்முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பூஜைக்கு சாமி முன்னால வைக்க ஒனக்குன்னு ஒரு சாமான் இருக்கால? இருந்தா வையி. இல்லைன்னா விஜயதசமி அன்னைக்கு அம்பர்நாத் வண்டியில ஏறு."

"கேசட்டு இருக்குல்லாண்ணே."

அப்பா சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் முகம் முன்னைவிட இறுகியிருந்தது. "பேய்ப்படம் ஒட்டின டப்பாவ சரஸ்வதி முன்னால வைப்பியோ? எவனோ செஞ்சான், எவனோ வித்தான், நீ வாங்கி வாடகைக்கு விடுத. அதுல ஒங்கை எங்க பட்டிருக்கு?"

சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தண்ணீர் குடித்தார்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஒரு கட்டு உண்டு. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலைவரை யாரும் எடுக்கக் கூடாது. கத்தி வெட்டாது, ஊசி தைக்காது, என் பாடப்புத்தகம் திறக்காது (அது எனக்குப் பிடித்த பகுதி). மற்றவர்களுக்கு அது ஓய்வு. சித்தப்பாவுக்கு அது இடி. வருஷத்தில் கடை நிறைகிற நாள்களே இப்படிப்பட்ட லீவு நாள்கள்தான். வைப்பாரா மாட்டாரா என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வைக்காவிட்டால் அம்பர்நாத். அவர் போனால் பலகைக்கு அந்தப் பக்கம் சத்தம் இருக்காது. வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு வாய்ப்பாடு எழுதுவதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

பூஜையன்று காலையில் சித்தப்பா மிஷினைத் துணியில் சுற்றினார். மூன்று நாளாக அதில் ஏதோ கோளாறு. படம் வருவதும் போவதுமாக இருந்தது. செம்பூரில் பழுதுபார்க்கிறவர் ஒருவர் இருந்தார். கிளம்புகிறபோது, குரலைத் தாழ்த்தி என்னிடம், "சாயங்காலம் கேசட்டையெல்லாம் பூஜைல வைக்கேன். நான் வாரதுக்குள்ள தொடச்சு வையிளா" என்றார்.

துடைக்கத்தான் ஆரம்பித்தேன். பையன்களின் கை வடாபாவ் தின்ற கை, கோலிக்குண்டு விளையாடிய கை, மூக்கைத் தொட்ட கை. அந்தக் கைகளின் கறுப்பு லேபிள்களின் ஓரத்தில் கோடுகோடாக ஏறியிருந்தது. துணியால் தேய்த்தால் அது இடம் மாறியதே ஒழியப் போகவில்லை. பின்பக்கத்தில் அம்மா அப்பாவின் கத்திரிக்கோல்களையும் சுத்தியலையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சந்து முழுக்க அதே சத்தம்தான். தராசு கழுவினார்கள், சைக்கிள் கழுவினார்கள், இட்லிக்காரர் தன் கிரைண்டர் கல்லைக் குளிப்பாட்டினார். சாமிக்கு முன்னால் போகிற சாமான் குளித்துவிட்டுத்தானே போக வேண்டும்? நான் நீலத் தொட்டியை நிரப்பினேன். சோப்புத்தூள் போட்டேன். இருபத்து மூன்று கேசட்டையும் உள்ளே இறக்கினேன்.

ஊறட்டும் என்று சந்து முனைவரை போய் வந்தேன். ஓரிடத்தில் நிற்க முடியாத பிள்ளை நான். திரும்பி வந்தபோது லேபிள்கள் மிதந்துகொண்டிருந்தன. துப்பாக்கி ஏந்தியவன் மிதந்தான். சிவப்புக் கார் தன் முன்சக்கரத்தை விட்டுவிட்டு மிதந்தது. ஒரு பேயின் பாதி வந்து என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. எடுக்கப் போனால் விரலில் கூழாக வந்தன. சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒன்றை ஒட்டிப் பார்த்தேன்; படம் சோற்றோடு போனது. தொட்டியின் அடியில் இருபத்து மூன்று மொட்டை டப்பாக்கள் கிடந்தன, பெயர் இல்லாமல், முகம் இல்லாமல்.

அம்மா வந்து தொட்டியைப் பார்த்தாள். அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். "செத்தளா நீ இன்னைக்கு" என்றாள், மெதுவாக, செய்தி சொல்கிற மாதிரி. பிறகு எழுந்து ஒவ்வொன்றாக உதறி, வடகம் காயப்போடுகிற தட்டில் பரப்பி, தகரக் கூரையில் வைத்தாள். அக்டோபர் வெயில். தண்ணீர் போய்விடும். லேபிளுக்கு என்ன செய்வது என்று வெயிலுக்குத் தெரியாது.

போட்டுப் பார்த்தால் எது எது என்று தெரியும். போட மிஷின் இல்லை. மிஷின் செம்பூரில் திறந்து கிடந்தது.

ஓடினேன். எங்கள் சந்திலிருந்து இரண்டாவது திருப்பத்தில் ஸ்டிக்கர் அடிக்கிற பட்டறை. அதன் முதலாளி எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், தமிழ் முஸ்லிம். சந்தே அவரை பாய் என்றுதான் கூப்பிடும், நான் மாமா என்பேன். அவருடைய ஆட்கள் காலையிலேயே மிஷினுக்குக் கேந்திப்பூ மாலை போட்டு, விபூதிப் பட்டை இழுத்திருந்தார்கள். பாய் தன் பட்டறைக்கு வெளியே, தானே செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லி முடித்ததும் உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மிஷினுக்கு மால போட்டாச்சேம்மா. இனி நாளைக்குத்தான் ஓடும். இவனுவ என்னயே உள்ள விடல."

இருந்தாலும் சும்மா அனுப்பவில்லை. பினாயில் பாட்டிலுக்கு அடிக்கிற ஸ்டிக்கரில் முதல் நிறத்தை மட்டும் போட்டு நிறுத்திவைத்திருந்த தாள்கள் இருந்தன. வெறும் மஞ்சள். பின்னால் பசை, அதன்மேல் உரிக்கிற தாள். ஆறு தாள் சுருட்டிக் கொடுத்தார். நீயும் ஒரு ஸ்டிக்கர் பட்டறை வைக்கப்போகிறாயா என்று கேலி செய்தார். நான் திரும்ப ஓடினேன். இன்றைக்கும் எனக்கு மஞ்சள் என்றால் அது ஒன்றுதான். தாணேக்காரருக்கு அதை எப்படி எழுதுவது? பினாயில் பாட்டில் மஞ்சள் என்று எழுதினால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

வெட்ட வேண்டும். கத்திரிக்கோல்கள் எல்லாம் கழுவி, எண்ணெய் தடவி, பூஜைக்குப் போட்ட பலகையில் வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவே அப்பாவின் கத்தி. இன்னும் சந்தனம் வைக்கவில்லை, ஆகவே இன்னும் பூஜைச் சாமான் இல்லை என்று எனக்கு நானே வாதாடினேன். அம்மா பூ வாங்கப் போயிருந்தாள். எடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, சூடாக இருந்தது மாதிரியும் இருந்தது. லேபிள் ஒவ்வொன்றும் நாலு விரல் அகலம், இரண்டு விரல் உயரம். ஒரு ரூபாய் நாணயத்தை மூலையில் வைத்தேன். முதல் மூலை பிய்ந்தது. இரண்டாவதும். ஏழாவது லேபிளில் கத்தி தானாகவே திரும்பியது போல ஒரு வளைவு வந்தது. அதற்குமேல் நான் நிறுத்தவில்லை.

அப்புறம் வரைந்தேன். பார்த்த படங்கள் நினைவில் இல்லை, சத்தங்கள் இருந்தன. சத்தத்தை வரைந்தேன். டிக்டிக் ஓடுகிற நண்டு. உறுமிக்கொண்டு மேடு ஏறுகிற லாரி. தடாலென்று இடிந்து விழுகிற சுவர். குளத்தில் கல் விழுகிற மாதிரி ஒரு விளையாட்டு உண்டு, அது மீன்களாக இருக்க வேண்டும் என்று ஒரு மீன். கடைசியில் ஒரு பெண் அழுகிற மாதிரி முடியும் ஒன்று. அதற்குப் பூட்டிய கதவு. பால்பேனாவால் கோடு, ஸ்கெட்ச் பேனாவால் நிறம், சிவப்பு தீர்ந்ததும் அம்மாவின் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டேன். இருபத்து மூன்று படம். முடித்தபோது வெயில் கூரையின் இந்த ஓரத்துக்கு வந்திருந்தது.

எந்தப் படத்தை எந்த டப்பாவில் ஒட்டுவது? யோசிக்க நேரம் இல்லை, யோசிக்க எதுவும் இல்லை. கையில் எடுத்துக் கனம் பார்த்தேன், கனமானது லாரி. கறுப்பு டப்பா பேய். ஆணி ஒன்று குறைந்த டப்பா சண்டையில் அடிபட்டிருக்க வேண்டும், ஆகவே அது போர். சாம்பல் நிறம் மீன். நண்டுப் படத்தை ஒட்டுகிறபோது மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த டப்பாவின் ஓரத்தில் இரண்டு பக்கமும் கிடுக்கி மாதிரி கீறல் இருந்தது. இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சித்தப்பா வந்தபோது அம்மா கோலத்தை முடித்திருந்தாள். மிஷினை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தார், பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி. பழுது தீர்ந்தது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தட்டில் இருந்த கேசட்டுகளைப் பார்த்தார். அந்த முகம் போனது.

உட்கார்ந்தார். ஒன்றை எடுத்தார், திருப்பினார், அடியில் பார்த்தார், வைத்தார். இன்னொன்று. கதவுப் படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். நான் தூணோடு தூணாக நின்று, அழலாமா ஓடலாமா என்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

"எது எதுன்னு தெரிஞ்சுதான் ஒட்டினியா?"

தெரிந்துதான் என்றேன். சரி என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை. அதனால் நான் சொன்னதை நானும் நம்பிவிட்டேன்.

அப்பா குளித்து, வேட்டி மாற்றி, ஈரத் தலையோடு வந்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பலகையில் எல்லாம் அடுக்கியாகிவிட்டது. தோல் தைக்கிற மிஷினின் தலை, கத்திரிக்கோல்கள், சுத்தியல், கத்தி, என் புத்தகங்கள், பொரி, கடலை, சுண்டல். ஓரத்தில், தனியாக, யாரும் கூப்பிடாமல் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி, இருபத்து மூன்று மஞ்சள் முகங்கள். சித்தப்பா சுவர் ஓரமாக நின்றார். கையைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

அப்பா குனிந்து நண்டை எடுத்தார். படத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் மூலையைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தை அந்த வளைவில் மெதுவாக ஓட்டினார். அடுத்ததை எடுத்தார். அதன் மூலையிலும் ஓட்டினார். பிறகு தன் கத்தியைப் பார்த்தார். அதன் முனையில் மஞ்சளாக ஒரு துளி பசை. நான் துடைக்க மறந்திருந்தேன்.

"எந்தக் கத்தி?" என்றார். யாரையும் பார்க்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, உங்கள் கத்திதான் என்றேன்.

"ரூபா வச்சா?"

தலையாட்டினேன். அடி விழும் இடத்தை உடம்பு தானாகவே தேர்ந்தெடுத்து இறுகிக்கொண்டது. அடி வரவில்லை. அப்பா இருபத்து மூன்றையும் பார்த்தார், ஒன்று விடாமல், முதலில் பிய்ந்த மூலைகள் உள்பட. பார்த்துவிட்டு, ஓரத்திலிருந்து அவற்றை அள்ளி, தன் கத்திக்கும் கத்திரிக்கோல்களுக்கும் நடுவே இடம் பண்ணி வைத்தார். "கைவேல" என்றார். பாராட்டா, புகாரா, எனக்குத் தெரியவில்லை. சாமானை எடைபோட்டுச் சொல்கிற குரல்.

பிறகு சந்தனம். அப்பா சந்தனம் வைப்பதில் ஒரு முறை இருந்தது. கத்திக்குப் பிடியில் வைக்கமாட்டார், கூரில் வைப்பார். தையல் மிஷினுக்கு உடம்பில் வைக்கமாட்டார், ஊசியில் வைப்பார். சாமான் எந்த இடத்தால் உழைக்கிறதோ அங்கேதான் பொட்டு. கத்தி முடிந்தது, கத்திரிக்கோல் முடிந்தது, நண்டைக் கையில் எடுத்தார். மோதிர விரலில் சந்தனம் காத்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த எடத்தால வேல பாக்குதுல?"

சித்தப்பா சுவரிலிருந்து நகர்ந்தார். கேசட்டின் அடிப்பக்கத்தில் ஒரு நீளப் பிளவு இருக்கும். அதற்குள்ளே வரிசையாகப் பித்தளைப் பற்கள். மிஷினில் போய்ச் சேர்வது அவைதான். அவற்றில் தூசி பட்டாலே படம் வராது. பையன் எவனாவது விரலை உள்ளே விட்டால் சித்தப்பா மண்டையில் குட்டுவார். பலகை வழியாக அந்தக் குட்டும் எனக்குக் கேட்கும். இப்போது அவர் அண்ணன் கையிலிருந்த கேசட்டை, கையோடு சேர்த்துப் பிடித்து, மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார்.

"இங்கனண்ணே."

அப்பா வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். பித்தளையைக் கண்டதும் அவருக்குத் திருப்தி. விரலை உள்ளே விட்டு அழுத்திச் சந்தனம் வைத்தார். அதன்மேல் குங்குமம். அடுத்ததை எடுத்தார். சித்தப்பா ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், இருபத்து மூன்று வரையிலும். அவர் கண் ஈரமாக இருந்தது. கற்பூரப் புகை என்று நினைத்தேன். கற்பூரம் இன்னும் ஏற்றியிருக்கவில்லை.

அப்பா வாசலில் பூசணிக்காய் உடைத்தார். சந்தில் வரிசையாக எல்லா வாசலிலும் உடைந்துகொண்டிருந்தன. பூஜை முடிந்த கொஞ்ச நேரத்தில் பையன்கள் வந்து, கடை ஏன் மூடியிருக்கிறது என்று இந்தியில் கத்திவிட்டுப் போனார்கள். அப்பாவே எழுந்து போய், வேலை பூஜையில் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று அவர்களிடம் சொன்னார். வேலை என்று சொன்னார். அம்மா சுண்டலைக் கிளறுவதை நிறுத்தினாள்.

மறுநாள் காலை பையன்கள் கதவு திறக்குமுன்பே நின்றார்கள். தசரா லீவு. சித்தப்பா முதல் கேசட்டைப் போட்டார். திரையில் சாம்பல் கோடுகள். இரண்டாவது, அதே கோடுகள். மூன்றாவதற்குத் திரை வெறும் நீலம். பையன்கள் சிரித்தார்கள், ஒருவன் பூசாரி மாதிரி மணியடித்துக் காட்டினான். சித்தப்பா என் பள்ளிப்பெட்டியிலிருந்த அழிரப்பரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். காய்ந்த சந்தனத்தைத் தீக்குச்சியால் சுரண்டி, பித்தளைப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்த்தார். பையன்கள் இருந்ததையும் மீறி அன்று மட்டும் அம்மா என்னை அந்தப் பக்கம் விட்டாள். தீக்குச்சிகளை முனை ஒடித்துக் கொடுப்பது என் வேலை.

உயிர் வந்த முதல் கேசட் நண்டு. மஞ்சள் லேபிளில் என் நண்டு கிடுக்கியை விரித்து நின்றது. திரையில் கார்கள் பறந்தன. பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. "இன்னைலேருந்து இதான் நண்டு. வேணும்னா ஆடு, இல்லன்னா எந்திரி" என்றார் சித்தப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மீன் துப்பாக்கியால் சுட்டது, கதவுக்குள் லாரி ஓடியது, போரில் யாரோ பழம் பறித்தார்கள். சரியாக இருந்தவை நாலோ ஐந்தோ. அவர் ஒரு லேபிளையும் உரிக்கவில்லை. எங்கள் சந்தில் கார் பந்தயத்துக்கு அதன்பிறகு நண்டு என்றே பெயர். இந்தியில் நண்டுக்குக் கேக்டா. கேக்டா கொடு, கேக்டா கொடு என்று வந்து கேட்பார்கள். கேட்டுக் கார் ஓட்டிவிட்டுப் போவார்கள்.

மூன்று கேசட்டுகள் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. நான் ஊறவைத்ததா, அப்பா பொட்டு வைத்ததா, யாரும் கேட்கவில்லை. எனக்குள் மட்டும் நான் பொட்டின்மேல் பழியைப் போட்டுக்கொண்டேன். அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்.

"சித்தப்பா, அதுல சந்தனம் படக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

அவர் ரப்பர் துகளை ஊதினார். அடுத்த கேசட்டை எடுக்கச் சொன்னார். தெரியாததை மறைக்கத்தான் 'தெரியும்' என்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். இருபத்து மூன்று கேசட்டை வைத்துக்கொண்டு தொழில் தெரியாத ஆளாக இருக்கிறாரே என்று அன்று முழுக்க அவர்மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. என் ரப்பர் கூழாங்கல் அளவுக்குத் தேய்ந்து திரும்பி வந்தது.

அம்பர்நாத் பேச்சை அப்பா பிறகு எடுக்கவில்லை. அந்த வண்டி எத்தனையோ முறை போயிருக்கும், சித்தப்பா ஏறவில்லை.

அடுத்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள், சித்தப்பா ஒரு செலோடேப் ரோலோடு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு கேசட்டின் அடிப்பிளவுக்குள்ளும், பித்தளைப் பற்களின்மேல், தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற மாதிரி ஒரு துண்டு டேப்பை ஒட்ட வேண்டும். என்னை வெட்டிக் கொடுக்கச் சொன்னார், என் வெட்டு சுத்தமாம். சந்தனம் டேப்பின்மேல் நிற்கும், மறுநாள் உரித்துவிடலாம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம். லேபிளில் பொட்டு வைத்தால் போதும் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன்.

"அண்ணன் அங்கனதான் வைக்கணும். வெட்டுளா" என்றார்.

ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு ஒரு முழு ரோலை வீணாக்குகிற மனுஷரை என்ன செய்வது என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கால் மாற்றி உட்கார்ந்து, ஓரம் தூக்காமல், வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.